தாருக்கு அடியில் ஈயம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பிளம்மர் என்ற சிற்றூரிலிருந்து மல்லன் வரை 117 கிலோமீட்டருக்கு ஒரு தார்ப்பாதை நீள்கிறது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் நடப்பவர்களுக்குமான பாதை. முன்பு ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றம் பெயரளவுக்குத்தான். வயதானவர்கள்கூட மூச்சு வாங்காமல் மிதித்துவிடலாம். அந்த மண்ணின் பழங்குடியினரான கோர்டலேன்களின் பெயரையே பாதைக்கும் வைத்திருக்கிறார்கள்.

தார் போட்டது சொகுசுக்காக அல்ல. விஷத்தை மூட.

1880களின் இறுதியில் வெள்ளிச் சுரங்கங்களுக்காக இந்தத் தடம் போடப்பட்டபோது, அடித்தளத்தில் சுரங்கக் கழிவையே கொட்டினார்கள். பிறகு பல்லாண்டுகள் சரக்கு வண்டிகளிலிருந்து ஈயமும் துத்தநாகமும் கலந்த தாது வழியெங்கும் சிந்தியது. 1973இல் அந்தத் தாதுவை உருக்கிய பங்கர் ஹில் உருக்காலையின் புகைவடிகட்டிக் கூடம் எரிந்தது. ஆலையோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுவருடம் சோதித்தபோது, பக்கத்துக் கெல்லாக் ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அபாய அளவில் இருந்தது. 1991இல் கோர்டலேன்கள் வழக்குத் தொடுத்தார்கள். தடத்தில் ரயில் ஓட்டிய யூனியன் பசிபிக் ரயில்வேயுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சில இடங்களில் நச்சு மண்ணைத் தோண்டி அகற்றினார்கள். மிச்சத்தைத் தாரால் மூடினார்கள். 2004இல் பாதை திறக்கப்பட்டது.

மூடப்பட்ட தவறு தீர்ந்த தவறாகுமா?

பாதைக்கு அருகே, கட்டால்டோவில், கோர்டலேன்களும் இயேசு சபைத் துறவிகளும் 1850களில் எழுப்பிய தேவாலயம் இருக்கிறது. ஐடஹோவில் இன்று நிற்கும் கட்டடங்களில் அதுவே பழமையானது. அங்கே போதிக்கப்பட்ட கத்தோலிக்க நெறியில், பாவம் செய்தவர் மனம் வருந்த வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் கறாரானவர்: அடுத்தவருக்கு இழைத்த தீங்கில், நஷ்டத்தைக் கொடுத்துத் தீர்த்தால் மட்டும் போதாது, பாதிக்கப்பட்டவரிடம் போய் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

இந்தத் தாரை அந்த அளவுகோல்களில் வைத்துப் பார்க்கலாம். வாய்விட்டுச் சொல்வது நடக்கிறது: பாதையை விட்டு இறங்காதீர்கள், சாப்பிடுமுன் கையைக் கழுவுங்கள் என்று எச்சரிக்கைப் பலகைகள் உண்மையை மறைக்காமல் சொல்கின்றன. மன வருத்தம்? வழக்குப் போட்டு வாங்கியதை மனம் திருந்தியதன் அடையாளம் என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பெனிகளிடம் கண்ணீரை எதிர்பார்ப்பதும் வீண். பரிகாரம் எவ்வளவு காலம் தொடர்கிறது என்பதைப் பார்ப்பதே நியாயம். விரதத்துக்கு நாள் கணக்கு உண்டு, நேர்ச்சைக்கு முடிவு உண்டு. ஈயம் மட்கிப் போவதில்லை. ஆகவே தாரில் விரிசல் விழுந்தால் அடைப்பதும், தேய்ந்தால் மறுபடி போடுவதும் ஓயாத வேலை. முடிவுத் தேதியே இல்லாத இந்தக் கடமை, ஒருநாள் சடங்கைவிட நேர்மையானது.

மன்னிப்பின் கதை வேறு. சுரங்கக் கழிவு படிந்த பாதையோரச் சதுப்புச் சேற்றில் விளையும் ஒரு கிழங்கு கோர்டலேன்களின் பரம்பரை உணவு. வசந்தத்தில் வடக்கு நோக்கிப் பறக்கும் வழியில் இங்கே இறங்கும் அன்னங்களும் அதே சேற்றைக் கிளறித் தின்கின்றன. ஈயம் வயிற்றில் சேர்ந்து சாகின்றன. தார் மூடியது தடத்தை மட்டுமே, சதுப்பை அல்ல. பாதையை ஒட்டிய கோர்டலேன் ஏரியின் தென்பகுதிப் படுகை கோர்டலேன்களுக்கே உரியது என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படுகை அவர்களுடையது என்றால், அதில் படிந்திருக்கும் கழிவை மன்னிப்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையதுதான். சைக்கிளில் போகிறவர்களுடையது அல்ல.