கூச்சமும் கொல்லிமலையும்

கூச்ச சுபாவம் உள்ள ஒருவரிடம், “வருகிற ஞாயிறு வீடு சந்திப்புக்கு நீங்களும் வாங்களேன்” என்று சபையில் யாராவது சொன்னால் போதும். உள்ளுக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். எத்தனை பேர் இருப்பார்கள்? யார் முதலில் பேசுவார்கள்? என்னை ஜெபிக்கச் சொல்லிவிட்டால்? குரல் நடுங்கிவிட்டால்? எனக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். முழுக்க என்னைப் பற்றியே ஓடும். நாங்கள் பார்க்கப் போகும், படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளி அதில் ஒரு வரியிலும் வரமாட்டார்.

*

கொல்லிமலையில் வாழவந்திப் பக்கம் போகும்போதெல்லாம் ஈவ்லின் பிராண்டை நினைத்துக்கொள்கிறேன். 1879-ல் பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பம், ஓவியப் பயிற்சி, நல்ல உடைகள். அதையெல்லாம் விட்டுவிட்டு மிஷனரியாக இந்தியா வந்தார். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து இந்த மலைக்கு ஏறினார். இன்று காரவள்ளியைத் தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிவிடுகிறது. அன்று கால்நடையாகத்தான் ஏற வேண்டும், இல்லையென்றால் டோலி. மலேரியாவுக்குப் பெயர் போன மலை வேறு. ஈவ்லினைக் கூச்சக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழகிய இடத்தை விட்டு வெளியே வருவது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

*

வந்த உடனே மலைவாசிகள் பிராண்ட் தம்பதியை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் விலகியே இருந்தார்கள். பேச்சினால் திறக்காத கதவுகளைக் கைவேலை திறந்தது.

அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி நோய் இங்கே பரவலாக இருந்தது. காலில் கொப்புளம் உடைந்து நீளமான புழு வெளியே தலைநீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய்ப் புண் சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பொறுமையாக எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி இதைச் செய்தார். புண்ணோடு தண்ணீரில் இறங்குவதால்தான் நோய் பரவுகிறது என்று எடுத்துச் சொல்லி, யாரும் உள்ளே இறங்க முடியாதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டக் கற்றுக்கொடுத்தார். தச்சு வேலையும் கட்டட வேலையும் அவருக்குத் தெரியும்.

ஒரு மனிதரின் காலருகே உட்கார்ந்து புழுவைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தன் குரல் எப்படி இருக்கிறது என்று யாருக்கு நினைவு வரும்?

*

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் விஷக்காய்ச்சல் உலகையே சூறையாடியது. மலைக்கும் வந்தது. அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் விழுந்தபோது, தொற்றுக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கினார்கள். பிராண்ட் தம்பதி போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தன் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். மலை மக்களுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை பிறந்தது அதன் பிறகுதான்.

*

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினுக்கு அப்போது ஐம்பது வயது. எழுபதை நெருங்கும்போது, வயதாகிவிட்டது, இனி இந்தியாவுக்கு அனுப்ப முடியாது என்றது மிஷன். ஒரே ஒரு வருடம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வருடம் முடிந்ததும் மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மலைவேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. கல்வராயன் மலை முதலான பக்கத்து மலைகளுக்கும் போனார். எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்துச் சுமந்து கீழே கொண்டுவந்தார்கள். பிறகு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு, மட்டக்குதிரையில் ஏறி மறுபடி ஊர் ஊராகப் போனார். 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

*

வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன். தாயைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தியைத்தான் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது: கடைசி இருபது ஆண்டுகள் ஈவ்லின் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. ஒரு காலத்தில் லண்டனில் அழகாக உடுத்தியவர்.

என் கூச்சம் நான் எங்கு போனாலும் கூடவே தூக்கிச் செல்லும் கண்ணாடிதான். எதிரில் யார் இருந்தாலும் அதில் தெரிவது என் முகம்.

*

ஊழியத்துக்கு வந்தால் கூச்சம் போய்விடும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச வராது என்று மோசே தயங்கியபோது அவர் நாவு குணமாக்கப்பட்டதாக வேதத்தில் இல்லை. துணைக்கு ஆரோன் வந்தார், அவ்வளவுதான். கூச்சம் இருந்துவிட்டுப் போகட்டும். அது கூடவே வந்தாலும் வேலை நடக்கும்.

*

ஆகவே கூச்சப்படும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிரசங்கிக்க ஆள் தேடும்போது கை தூக்க வேண்டாம். மருத்துவமனையில் தனியாகக் கிடக்கும் ஒருவருக்குக் கஞ்சி கொண்டுபோக, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க ஆள் கேட்பார்கள். அப்போது பெயர் கொடுங்கள். என்ன பேசுவது என்று முன்கூட்டியே யோசித்து வைக்காதீர்கள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் போதும், மிச்சத்தை அவர்களே பேசுவார்கள்.