தீர்ந்த கணக்கு



நம் கடைகளில் பற்று வரவுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஒருவர் பாக்கியைக் கட்டிவிட்டால் அவர் பெயர்மேல் கோடு போட்டு விடுகிறோம். கோடு போட்ட கணக்குக்கு மறுபடியும் பணம் கேட்கிறவனை வியாபாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தண்டனையை அனுபவித்து முடித்துச் சிறையிலிருந்து வருகிறவனிடம் மட்டும் நாம் அப்படித்தான் நடந்து கொள்கிறோம். ஊரைக் குறை சொல்லவில்லை. எனக்கு நேர்ந்ததை வைத்தே சொல்கிறேன்.

சைனாடவுனில் உள்ள என் கடைக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வாலிபர் வேலை கேட்டு வந்தார். நடுவில் நாலு வருஷம் எங்கே இருந்தீர் தம்பி என்று கேட்டேன். “உள்ளே இருந்தேன், முதலாளி” என்றார். ஒளிக்காமல் சொன்னதற்காகவே எடுத்துக் கொண்டேன். ஆறு மாதம் ஒரு குறையுமில்லை. ஓர் இரவு கல்லாவை எண்ணியபோது 80 வெள்ளி குறைந்தது. கடையில் என்னோடு மூன்று பேர். மற்ற இருவரையும் நான் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கண் நேரே அவர்மேல் போயிற்று. அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். மறுநாள் பார்த்தால், வெங்காய மூட்டை கொண்டு வந்தவருக்கு நானே எடுத்துக் கொடுத்துவிட்டு எழுத மறந்திருக்கிறேன்.

நீதிபதி அவருக்கு இத்தனை வருஷம் என்று அளந்து கொடுத்தார். நான் கொடுத்ததற்கு அளவேது?

இந்த ஊரின் பழைய கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1825இல் கும்பினியார் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளை முதன்முதல் இங்கே கொண்டு வந்து இறக்கினர். பின்னர் இந்தியாவிலிருந்தே கப்பல் கப்பலாக வந்தார்கள். பிராஸ் பாசாவில் அவர்களுக்குச் சிறை இருந்தது. இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்க்கிற செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், ஜனாதிபதியின் இஸ்தானா மாளிகையும் அவர்கள் கையால் எழும்பியவை. செங்கல் சூளை, சுண்ணாம்பு, தச்சு, கல்வேலை எல்லாம் சிறையிலேயே கற்றுக் கொடுக்கப்பட்டன. பல காலம் ஒழுங்காக நடந்த கைதியையே மற்றக் கைதிகளுக்கு மேற்பார்வையாளனாக்கினர். அதற்கும் மேற்பட்டவனுக்குச் சீட்டுக் கொடுத்து, வெளியே குடியிருந்து சம்பாதிக்க விட்டனர். அங்கே அதிகாரியாக இருந்த மக்நாயர் இதையெல்லாம் 1899இல் ஒரு புத்தகமாகவே எழுதி வைத்தார். 1873இல் அந்த ஏற்பாடு முடிந்தபோது பலர் ஊர் திரும்பவில்லை. பால் விற்றும் வண்டி வைத்தும் இங்கேயே பிழைத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்தவர்கள் இன்று யார் யாரோ! நம் வீட்டுச் சம்பந்தத்திலேயே இருக்கலாம்.

எல்லாம் இனிப்பாக இருந்ததென்று சொல்லவில்லை. காலில் விலங்கு உண்டு. ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கமும் 1849 வரை இந்தியாவில் இருந்தது. சீட்டுப் பெற்று வெளியே வந்தாலும் நெற்றி எழுத்து அழியாது.

திருத்துவதெல்லாம் வீண் பேச்சு, புலாவ் செனாங்கை மறந்தீரா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. மறக்கவில்லை. 1960இல் குண்டர் கும்பல்காரர்களை அத்தீவுக்கு அனுப்பி, காட்டை வெட்டி வீடும் பாதையும் போட வைத்தார்கள். 1963 ஜூலை 12இல் அவர்களே அவற்றைக் கொளுத்தி, தலைமை அதிகாரி டேனியல் டட்டனையும் வேறு அதிகாரிகளையும் கொன்றார்கள். 18 பேர் 1965இல் தூக்கிலிடப்பட்டனர். கொலைக்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்க வேண்டும். அவர்கள் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர்கள். இன்ன நாளில் உன் கணக்குத் தீரும் என்று எந்த நீதிமன்றமும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பிராஸ் பாசா கைதிக்கோ அடுத்த படி எதுவென்று தெரிந்திருந்தது.

பொருளைப் பறிகொடுத்தவனுடைய ஹக்கு என்னாவது என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நானும் திருட்டுக் கொடுத்தவன்தான். ஆனால் சிறைவாசம் முடிந்தபின் நாம் வாங்குகிற கூடுதல் வட்டியில் ஒரு காசாவது பறிகொடுத்தவன் கைக்குப் போகிறதா?

சட்டம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை, அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், ஐந்து வருஷம் குற்றமின்றி இருந்தால் பழைய பதிவு கழிந்ததாகும் என்று 2005இல் இங்கே ஏற்பாடு வந்தது. அமெரிக்காவில் ஹவாய் மாநிலம் 1998இலேயே ஒரு விதி செய்தது: வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் முதலாளி பழைய குற்றத்தைப் பற்றிக் கேட்கலாம். நம் அரசாங்கமும் 2017இல் தன் வேலை மனுவிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்டது. ஆனால் 2005 ஏற்பாடு நாலு வருஷம் உள்ளே இருந்தவருக்கு உதவாது. அவர் பெயர்மேல் கோடு போடுவது சர்க்கார் கையில் இல்லை. வேலை கொடுக்கிற நம் கையில்தான் இருக்கிறது.

மறுநாளே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை முதலாளி” என்றார். இன்னும் என்னிடமே வேலை செய்கிறார். கடைச் சாவிகூட இப்போது அவரிடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து அவர் தாமாகக் கல்லாப் பக்கம் வருவதில்லை. நான் கூப்பிட்டால்தான் வருகிறார்.