வளர்ந்த பிள்ளைக்கு வரம்பு கட்டலாமா?

பிள்ளைகளுக்குச் செலவு செய்வது பெற்றோர் கடமை என்பதை நம்மில் யாரும் மறுப்பதில்லை. அந்தக் கடமை எதுவரை என்பதைத்தான் நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. முப்பது வயதைத் தொட்ட மகன் தொழிலில் ஊன்றாமல், கடன்மேல் கடன் வாங்கி அத்தாவின் தலையில் கட்டும்போது, என்ன செய்வதென்று தெரியாமல் நம் வீடுகள் தடுமாறுகின்றன.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போகும் ஊர். அங்கே மண்டி வியாபாரம் ரொக்கத்தைவிட நாணயத்தின் மீதே நிற்கிறது. விவசாயிக்குச் சேரவேண்டிய பணத்தை மகன் சூதில் விட்டுவிட்டால், அத்தா வெளியே தெரியாமல் கட்டிவிடுகிறார். மறுமுறையும் கட்டுகிறார். தமிழகத்தில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-ல் மத்திய அரசும் தடைச்சட்டம் கொண்டுவந்தது. ஆனால் வீட்டுப் பெட்டியின் சாவி நம் கையில்தானே இருக்கிறது!

திருமறையின் அன்னிஸா அத்தியாயம் 5-வது வசனம், பொருளைப் பேணத் தெரியாதவர் கையில் பொருளை ஒப்படைப்பதைத் தடுக்கிறது. அதே வசனம் அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும், கனிவாகப் பேசவும் ஏவுகிறது. ஆகவே சாவியைத் தரமறுப்பவர் சோற்றையும் மறுக்க வேண்டியதில்லை. சுடுசொல் சொல்லவும் வேண்டியதில்லை.

"பெற்ற மனம் கேட்குமா? அவன் ஏதாவது செய்துகொண்டால்?" என்று தாய்மார்கள் அழுவதை நாம் அறிவோம். அது அலட்சியப்படுத்தத்தக்க அச்சமல்ல. உழைக்கச் சக்தியுள்ள வயதுவந்த மகனுக்குச் செலவளிப்பது தகப்பன்மீது கடமையில்லை. நோயாலோ ஊனத்தாலோ சம்பாதிக்க இயலாத ஏழை மகனுக்குக் கடமை நீடிக்கிறது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். எனவே மகனுக்கு இருப்பது சோம்பலா, நோயா என்று முதலில் பார்க்க வேண்டும். மனச்சோர்வும் குடிப்பழக்கமும் மருத்துவம் தேவைப்படும் நோய்களே. அரசின் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. வைத்தியச் செலவைத் தாராளமாகச் செய்யலாம்; ஆனால் அதை மருத்துவமனையில் நாமே கட்டுவோம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பு வழங்கியபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். ஒரு மகனின் கடனைத் திரும்பத் திரும்ப அடைக்கும் நாம், பேசாமலிருக்கும் மகள்களிடம் எப்போதாவது கேட்டோமா?

நூஹ் (அலை) அவர்கள், அலை குறுக்கே வரும்முன் தம் மகனைக் கப்பலில் ஏறிக்கொள்ள அழைத்தார்கள். ஆனால் கப்பலில் இருந்தவர்களை விட்டுவிட்டு அவனோடு இறங்கிவிடவில்லை.

ஆகவே, கோபம் தணிந்த நேரத்தில் தாயும் தந்தையும் ஒரே சொல்லாகச் சொல்லட்டும்: "சாப்பாடு உண்டு, படுக்க இடமுண்டு, வேலைதேட உதவி உண்டு. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து இல்லை." சொன்னபின் இருவரில் ஒருவர் மறைவாகக் கொடுத்தால் அந்த வரம்பு நிற்காது. ஊரார் முன்னிலையில் அவனை இழிவுபடுத்தவும் கூடாது. பிள்ளைகளுக்கு எதிராகப் பிரார்த்திப்பதை நபிகள் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அது ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடலாம் என்று எச்சரித்தார்கள். கையை இறுக்கிக்கொண்ட வேளையிலும் துஆவை நிறுத்தவேண்டாம். வழிதவறிய பிள்ளைகளை வல்ல அல்லாஹ் நல்வழிக்குத் திருப்புவானாக! ஆமீன்.