கடைசிக் கை

உணவில் நஞ்சு இருந்தால் அதற்கு யார் பொறுப்பு? நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு விடை முன்பே தயாராக இருக்கிறது. குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் "என்னத்தக் கொடுத்த?" என்ற கேள்வி தாயை நோக்கித்தான் வரும். பால் திரிந்தால், பருப்பில் வண்டு இருந்தால், சோறு ஊசிப்போனால் பதில் சொல்ல வேண்டியவள் அவளே. உணவைக் கடைசியாகத் தொடும் கை பெரும்பாலும் பெண்ணுடையது. ஆகவே பொறுப்பும் அவளுடையது. எங்கும் எழுதி வைக்கப்படாத இந்த விதியைக் குடும்பமும் மருத்துவமனையும் விளம்பரங்களும் ஒரே குரலில் சொல்கின்றன. நாமும் நமக்கே சொல்லிக்கொள்கிறோம்.

இந்த விதி அறத்தின்படி சரிதானா என்று பார்க்க, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சின் வழியே கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம்.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையும் அதற்கு நெருக்கமான இன்னொரு பூஞ்சையும் இந்த நஞ்சை உண்டாக்குகின்றன. மண்ணில் வாழும் இப்பூஞ்சைகள் நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, மிளகாய் முதலியவற்றில் தொற்றும். காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்து வெயில் கொளுத்தினால் வயலிலேயே தொற்றிவிடும். அறுத்த பிறகு நன்றாகக் காயவில்லை என்றால் களத்திலும் மூட்டையிலும் பெருகும். பூசணம் கண்ணுக்குத் தெரியலாம், நஞ்சு தெரியாது. பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு பருப்புக்குள் இருக்கும். கொதிக்கவைத்தால் போகாது. வறுத்தால் ஓரளவு குறையும், முற்றும் ஒழியாது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுக உண்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரக்கூடும். ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் உடலில் இருந்தால் ஆபத்து பல மடங்கு கூடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைச் சேர்த்திருக்கிறது.

இங்கே பெண்களின் அறிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முறத்தில் புடைத்து, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் சொத்தையையும் பொறுக்கி எடுக்கும் வேலையை நாம் திறன் என்று கணக்கிடுவதில்லை. ஆனால் ஒரு மூட்டைக் கடலையில் நஞ்சு சீராகப் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளில் குவிந்திருக்கும். ஆகவே கெட்டதைக் கையால் பொறுக்குவது நஞ்சின் பெரும்பங்கை நீக்கிவிடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எந்தப் பட்டமும் இல்லாமல் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை ஒரு வேதியியல் வேலையும்கூட. அதே சமயம் அதற்கு எல்லை உண்டு. கசக்கும் கடலையைத் துப்பிவிடுகிறோம். கசக்காத கடலையிலும் நஞ்சு இருக்கக்கூடும். கண்ணும் மூக்கும் நாக்கும் நின்றுவிடும் இடத்துக்கு அப்பால் ஆய்வகம்தான் பேச வேண்டும்.

பொறுக்கிக் கழித்த பருப்பு எங்கே போகிறது? ஏழை நாட்டில் எதுவும் குப்பைக்குப் போவதில்லை. கழிவுக் கடலை எண்ணெய் ஆட்டப் போகிறது. ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயில் இறங்காமல் புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. புண்ணாக்கை மாடு தின்கிறது. மாட்டின் கல்லீரல் அதை எம்1 என்ற வேறு வடிவத்துக்கு மாற்றுகிறது. ஒரு நாளுக்குள் அது பாலில் இறங்கத் தொடங்குகிறது. தின்ற நஞ்சில் நூற்றில் ஓரிரு பங்கு, சில சமயம் ஆறு பங்குவரை இப்படிப் பாலுக்கு வரலாம். பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. முறத்திலிருந்து ஒரு பெண் கழித்தது, சுற்றி வந்து இன்னொரு பெண்ணின் பால் பாத்திரத்துக்குள் விழுகிறது.

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. கலப்படம் என்று கண்டது 12 மாதிரிகளில் மட்டுமே. அஃப்ளாடாக்சின் எம்1 அனுமதித்த அளவைத் தாண்டியது 5.7 சதவீத மாதிரிகளில். தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி இருந்தன. எண்ணிக்கையில், மாநிலங்களில் இதுவே அதிகம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. கலப்படத்துக்கு ஒரு வில்லன் உண்டு. தண்ணீர் ஊற்றினான், மாவு கலந்தான் என்று கைகாட்டலாம், கைது செய்யலாம். இந்த நஞ்சுக்கு அப்படி ஒருவன் இல்லை. வில்லன் இல்லாத தீமைக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. யாரும் ஏற்காத பொறுப்பு எங்கே போய்ச் சேரும்? அடுப்படிக்கு.

இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்ட கதையே ஒரு பாடம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதற்கு முன்பும் பூசணம் பிடித்த கடலையையும் சோளத்தையும் மனிதர்கள் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வான்கோழிக்கு ஓர் உரிமையாளர் இருந்தார்; செத்த ஒவ்வொன்றும் அவருடைய கணக்கில் நட்டமாக ஏறியது. ஏழை வீட்டுக் குழந்தையின் கல்லீரல் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. நட்டம் எழுதப்படும் இடத்தில்தான் அறிவு பிறக்கிறது என்றால், எந்த அறிவு இன்னும் பிறக்கவில்லை என்று நாம் கேட்க வேண்டும்.

அளவுகளைப் பற்றியும் கேட்க வேண்டும். 1966இல் ஐ.நா. அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு, சத்துணவாகப் பயன்படும் கடலை மாவில் ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம்வரை அஃப்ளாடாக்சின் இருக்கலாம் என்றது. அதைவிடக் கடுமையாக வைத்தால் பசித்த குழந்தைகளுக்கு அந்தப் புரதமும் கிடைக்காமல் போகும் என்பது வாதம். இந்தியாவிலும் நெடுங்காலம் உணவுக்கு 30 என்ற அளவே இருந்தது. இன்று தானியங்களுக்கு 15. பாலில் எம்1க்கு இந்தியா அனுமதிப்பது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. இவை அறிவியல் எண்கள் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் ஓர் அறத் தீர்ப்பு: எவ்வளவு ஆபத்தை, யாருடைய உடலில், எதற்காக ஏற்கலாம் என்ற தீர்ப்பு. 1966இன் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது, பசியும் கொல்லும். ஆனால் மைசூரில் சத்துக்குறைவால் வாடிய குழந்தைகளுக்குப் புரதத்துக்காகக் கொடுத்த கடலை மாவில் இந்த நஞ்சு இருந்ததையும், அவர்களில் சிலருடைய கல்லீரல் கெட்டு இறுகிப்போனதையும் மருத்துவர்கள் 1971இல் எழுதினார்கள். பசியா நஞ்சா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் உலகில், தேர்வு செய்யும் மேசையில் அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் இருந்ததில்லை.

1974இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும், பன்ஸ்வாரா, பஞ்ச்மஹால் பகுதிகளின் பழங்குடிக் கிராமங்களில் மக்கள் மஞ்சள் காமாலை கண்டு சாகத் தொடங்கினார்கள். காலம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளமே காரணம். 397 பேர் நோயுற்றதாகவும் 106 பேர் இறந்ததாகவும் பதிவானது. அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. இத்தகைய நிகழ்வுகளுக்குக் காரணம் பட்டியலிடும்போது வறட்சி, மழை, சேமிப்பு வசதியின்மை ஆகியவற்றோடு 'அறியாமை'யையும் சேர்ப்பது வழக்கம். சோளம் கெட்டுவிட்டது என்பது அரைத்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வேறு சோளம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இதை அறியாமை என்று எழுதுவது வறுமையை ஏழையின் குணமாக மாற்றிவிடும் சொல்வித்தை.

இந்த நிகழ்வில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நோயுற்றவர்களில் ஆண்கள் பெண்களைப்போல இரு மடங்கு இருந்தார்கள். பெண்ணியப் பார்வைக்கு இது முரணா? இல்லை. எல்லாத் துன்பத்திலும் பெண்தான் அதிகம் சாகிறாள் என்று காட்டினால்தான் நம் கேள்வி நியாயமாகும் என்பதில்லை. யார் சாகிறார்கள் என்பது ஒரு கேள்வி. சாவுக்கு யார் பதில் சொல்ல வைக்கப்படுகிறார்கள் என்பது இன்னொன்று. நாம் பேசுவது இரண்டாவதை.

ஜோன் ட்ரான்டோ என்ற அரசியல் சிந்தனையாளர் பராமரிப்பைச் சில கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு தேவை இருப்பதைக் கவனிப்பது, அதற்குப் பொறுப்பேற்று ஏற்பாடு செய்வது, கையால் செய்து முடிப்பது, பெற்றுக்கொள்வது. முதல் இரண்டும் அதிகாரம் உள்ளவர்களிடமும், கையால் செய்வது அதிகாரம் இல்லாதவர்களிடமும் போய்ச் சேர்வதை அவர் சுட்டிக்காட்டினார். நம் நஞ்சின் கதையில் இன்னும் ஒரு படி கூடுகிறது. ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் செய்யாமல் விட்டதன் பழியும் கையால் செய்தவளிடமே வருகிறது.

மலாவி நாட்டில் கடலை உரிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை, கையால் உரிப்பார்கள். காய்ந்த தோடு விரலைக் கிழிக்கும். அதனால் காய்களைத் தண்ணீரில் நனைத்து மென்மையாக்கிக்கொள்வது வழக்கம். அந்த ஈரத்தில் பூஞ்சை பெருகும். நனைக்காதீர்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. அந்த அறிவுரை விரல்களின் வலியைக் கணக்கில் எடுப்பதில்லை. கையால் சுற்றும் ஒரு சிறிய உரிக்கும் கருவி இரண்டையும் தீர்க்கும். ஒரு பழக்கத்தை மடமை என்று சொல்லும் முன், அது எந்த வலிக்கு மருந்தாக வந்தது என்று கேட்பதே நேர்மை.

தாயின் உடலும் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை. அவள் உண்ட நஞ்சில் சிறு பங்கு தாய்ப்பாலிலும் இறங்கும். இதைப் படித்ததும் எந்தப் பெண்ணும் அஞ்ச வேண்டாம். பெனின், டோகோ நாடுகளில் சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தாய்ப்பாலை முற்றிலும் மறந்து கடலையும் சோளமும் உண்ணத் தொடங்கிய குழந்தைகளிடமே இந்த நஞ்சின் தடயம் அதிகமாக இருந்தது. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் குறைவு. தன் உடலையே குழந்தைக்கு வடிகட்டியாகக் கொடுத்துவிட்ட பிறகும் அவளிடம்தான் "என்ன கொடுத்தாய்?" என்கிறோம்.

இனி கடினமான இடத்துக்கு வருகிறேன். பெண்கள் எப்போதும் கடைசிக் கை மட்டுமல்ல. இரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மழையில் நனைந்து அவளுடைய புண்ணாக்கு மூட்டை பூசணம் பிடித்துவிட்டது. கொட்டினால் பல நாள் பால் காசு போகும். மாட்டுக்குப் போட்டால் யாருக்கும் தெரியாது. எல்லார் பாலும் ஒரே கேனில் கலந்துவிடும். அவள் போட்டால் அது தவறா?

தவறில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூசணத்தின் நஞ்சு பாலில் இறங்கும் என்று அறிந்த பிறகு, அந்தப் பாலைக் குடிக்கப்போகும் குழந்தைக்கு அவள் ஏதோ கடன்பட்டிருக்கிறாள். ஏழை என்பதால் அறம் பேசும் தகுதியே அவளுக்கு இல்லை என்று விட்டுவிடுவதும் ஒருவகை அவமதிப்புதான். ஆனால் அவள் பட்ட கடனை அவள் தீர்க்க முடியுமா என்பது அவள் கையில் மட்டும் இல்லை. ஐரிஸ் மேரியன் யங் என்ற பெண்ணியத் தத்துவவாதி இங்கே உதவுகிறார். குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது ஒரு வகைப் பொறுப்பு. பலருடைய சாதாரணச் செயல்கள் சேர்ந்து அநீதியை உண்டாக்கும்போது, அதில் தொடர்புள்ள ஒவ்வொருவரும் இனிமேல் அதை மாற்றுவதற்கு ஏற்க வேண்டியது இன்னொரு வகைப் பொறுப்பு. அது எல்லாருக்கும் சமமில்லை. மாற்றும் அதிகாரமும் ஆதாயமும் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு அதிகம்.

இந்த அளவுகோலை வைத்தால் வரிசை தலைகீழாகிறது. தீவன ஆலையிலேயே சோதித்தால் ஒரு சோதனை பல நூறு மாடுகளைக் காக்கும். பால் கேனில் சோதித்தால் நஞ்சு தெரியும், காலம் கடந்திருக்கும். முட்டைக்கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் தீவனத்தைச் சோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது. கோழிக்கு முடிகிற ஏற்பாடு பால்மாட்டுக்கும் முடியும். கெட்ட புண்ணாக்கைக் கொட்டுபவளுக்கு ஈடு கிடைக்க வேண்டும். களத்துக்குத் தார்ப்பாய், உரிக்கக் கருவி, நன்றாகக் காய்ந்த கடலைக்குக் கூடுதல் விலை: இவை எல்லாம் விலை குறைவான பொருள்கள். ஹைதராபாத்தில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் குறைந்த செலவில் இந்த நஞ்சைக் கண்டறியும் சோதனை முறையை உருவாக்கியிருக்கிறது. ஆக, கருவி இல்லை என்பது காரணமல்ல.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. சொத்தையையும் சுருங்கியதையும் தயங்காமல் கழிக்கலாம். கழித்ததை ஆட்டவோ மாட்டுக்குப் போடவோ கொடுக்காமல் இருக்கலாம். பால் வாங்கும் இடத்தில் தீவனச் சோதனை பற்றிக் கேட்கலாம். மகளிர் குழுவிலும் பால் சங்கத்திலும் அதைத் தீர்மானமாக்கலாம். வேதியியலும் சட்டமும் படிக்கும் மாணவிகள் 0.5 என்ற எண் எந்த அறையில் முடிவானது, அங்கே யார் இருந்தார்கள் என்று தேடலாம். ஆனால் இவற்றைச் செய்தும் குழந்தையின் தட்டில் நஞ்சு வந்தால், அந்தக் குற்ற உணர்வை மட்டும் நாம் சுமக்க வேண்டியதில்லை. "என்ன கொடுத்தாய்?" என்று கேட்பவரிடம் "எனக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று திருப்பிக் கேட்கும் உரிமை, ஊட்டும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இருக்கிறது.