அழும் தந்தையும் அறவுரையும்

மகனை இழந்த தந்தை அழலாமா? இக்கேள்வியை நம் இல்லங்களில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் இழவு நேர்ந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாம் பேசும் பேச்சு முழுவதும் இதற்குச் சொல்லும் விடையாகவே அமைந்துவிடுகிறது. "வந்த வினையை அனுபவித்தே தீர்க்க வேண்டும்", "உடல் வேறு, உயிர் வேறு என்று கற்ற நீரே இவ்வாறு கலங்கலாமா" என்கிறோம். தாய் அழுதால் பொறுத்துக்கொள்கிறோம். தந்தை அழுதால், அதிலும் அவர் நித்தமும் சுவாத்தியாயம் செய்பவராயின், அவர் கற்றதெல்லாம் வீணாயிற்றோ என்று ஐயுறுகிறோம்.

அவ்வாறு பேசியவர்களுள் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் ஒருவர் பத்தொன்பது வயது மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். துக்கம் விசாரிக்கச் சென்ற நான் அவர் கையைப் பற்றிக்கொண்டு, அன்புக்கு உரியவரைப் பிரிந்து அவரையே நினைந்து வருந்துவது ஆர்த்தத் தியானம் என்றும், அது தீய கதிக்கு வித்தாகும் என்றும் எடுத்துரைத்தேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார், கண்களையும் துடைத்துக்கொண்டார். அன்றுமுதல் என்னிடம் மகனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அதை என் உரையின் பயன் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணத்தைக் கலைத்தவை சில திரைப்படங்கள். திரைப்படத்தைப் பற்றி நம் இதழில் எழுதுவதா என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். எண்மரை மணந்த சீவகன் கதையைத் துறவியாகிய திருத்தக்க தேவர் பாடினார். அதை நாம் இன்றும் ஏடு தாங்கிப் போற்றுகிறோம். கதையின் வாயிலாக அறத்தை ஆராய்வது நமக்குப் புதியதன்று.

முதலில் நூல் கூறுவதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சோகம் என்பது சாரித்திர மோகனீயத்தைச் சார்ந்த நோகஷாயங்கள் ஒன்பதனுள் ஒன்று. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் துன்பம், சோகம், புலம்பல் முதலியவற்றை அசாதா வேதனீய வினையின் ஊற்றுக்குக் காரணங்களாகக் கூறினார். ஒன்பதாம் அத்தியாயத்தில் இட்டவியோகத்தை ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாக வைத்தார். இவ்வளவும் நமக்கு மனப்பாடம். ஆனால் அதே ஆறாம் அத்தியாயத்தில், தன்னிடத்தில் எழும் சோகமும், பிறரிடத்தில் எழுப்பும் சோகமும், இருவரிடத்தும் விளையும் சோகமும் வினையைக் கட்டும் என்று சேர்த்தே கூறியிருக்கிறார். ஒன்பதாம் அத்தியாயத்திலோ ஆர்த்தத் தியானம் யாருக்கு உண்டாகும் என்பதையும் வரையறுத்திருக்கிறார். விரதம் ஏலாதவர்க்கும், அணுவிரதிகளுக்கும், பிரமத்த சம்யதராகிய முனிவர்க்குங்கூட அது உண்டு. அதாவது ஆறாம் குணஸ்தானம் வரை. ஏழாம் படியில்தான் அது நீங்கும். துக்கம் விசாரிக்கச் செல்லும் நாமோ, நான்காம் ஐந்தாம் படியில் காலூன்ற முயலும் இல்லறத்தான் ஒருவனிடம் ஏழாம் படியின் அமைதியை, மகன் உடலை எடுத்த மூன்றாம் நாளே எதிர்பார்க்கிறோம்.

1984-இல் மகேஷ் பட் இயக்கிய 'சாராம்ச்' என்னும் இந்திப் படத்தை நான் பார்த்தது மிகப் பிந்தித்தான். மும்பையில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பிரதான்; அவர் மனைவி பார்வதி. ஒரே மகன் நியூயார்க்கில் வழிப்பறிக்காரர்களால் கொல்லப்படுகிறான். முதியவராக நடித்த அனுபம் கேர் அப்போது முப்பது வயதையும் எட்டாதவர். மகனுடைய சாம்பல் விமானத்தில் வந்து சுங்க அலுவலகத்தில் கிடக்கிறது. அதைப் பெறுவதற்கு அம்முதியவர் அலுவலர் முன் நின்று மன்றாட வேண்டியிருக்கிறது. தாம் கேட்பது வெளிநாட்டுப் பொருளையன்று, பிள்ளையின் சாம்பலை என்று சொல்லும்போது அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் உடைந்துவிடுகிறது. வீட்டில் மனைவி முன் அழாத மனிதர், முன்பின் அறியாத அலுவலர் ஒருவர் முன் அழுகிறார். நம் வீடுகளிலும் தந்தையர் இவ்வாறுதான். வங்கியில் மகன் பெயரிலிருந்த கணக்கை முடிக்கும்போதும், பங்கீட்டு அட்டையில் அவன் பெயரை அடிக்கும்போதும் உடைந்து போகின்றனர். அப்போது நாம் யாரும் அருகில் இருப்பதில்லை.

அப்படத்தில் நம்மவர் ஆழ்ந்து எண்ண வேண்டிய இடம் மற்றொன்று. வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் இளம்பெண் கருவுற்றிருக்கிறாள். தன் மகனே அவள் வயிற்றில் மீண்டும் வருகிறான் என்று பார்வதி நம்பத் தொடங்குகிறாள். அந்நம்பிக்கையால் அவள் முகம் மலர்கிறது. கணவரோ அப்பெண்ணையும் அவளை மணக்க விழைபவனையும் அவ்வூரை விட்டே அனுப்பிவைக்கிறார். அரசியல்வாதி ஒருவனின் கொடுமையிலிருந்து அவர்களைக் காக்க வேண்டும் என்பது ஒரு காரணம். மனைவி பொய்யான ஒன்றைப் பற்றிக்கொண்டு வாழக்கூடாது என்பது மற்றொன்று. மறுபிறப்பை மறுக்கும் மனிதர் செய்த செயல் அது. மறுபிறப்பை ஒப்பும் நாமும் அதையே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. உடலை நீத்த உயிர் நான்கு சமயங்களுக்குள் தன் வினை ஈட்டிய கதியைச் சேர்ந்துவிடும் என்பது ஜினாகமம். நாம் விரும்பிய கருவில் வந்து தங்குமாறு அதனை நிறுத்திவைக்க எவராலும் இயலாது. 'போனவன் பேரனாய் வருவான்' என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் நம்மிடையேயும் நுழைந்திருப்பதால் இதைக் கூறுகிறேன். பிரதான் அதற்கு மாற்றாகத் தத்துவம் எதையும் மனைவிக்குப் போதிப்பதில்லை. பூங்கா ஒன்றில் அவளருகில் அமர்கிறார். தம் வாழ்வின் சாரம் அவள் முகத்துச் சுருக்கங்களில் உள்ளது என்று உணர்கிறார். படத்தின் பெயருக்குப் பொருள் அங்கே விளங்குகிறது.

சாம்பலேனும் கிடைத்த தந்தை அவர். அதுவும் கிடைக்காதவர் ஷாஜி என். கருண் 1989-இல் வெளியிட்ட 'பிறவி' என்னும் மலையாளப் படத்தில் வரும் இராகவ சாக்கியார். பிந்திப் பிறந்த ஒரே மகன் கல்லூரியிலிருந்து வருவான் என்று முதியவர் நாள்தோறும் தோணியேறிப் பேருந்து நிற்குமிடம் சென்று காத்திருக்கிறார். கடைசிப் பேருந்தும் போனபின் திரும்புகிறார். மகன் காவலர் பிடியில் மறைந்துபோனான் என்பது மகளுக்குத் தெரியவருகிறது. தந்தைக்கு எவ்வாறு சொல்வது? பிரேம்ஜி என்னும் முதுபெரும் நடிகர் பேச்சைவிட நடையாலும் குடையாலுமே அக்காத்திருத்தலைக் காட்டிவிடுகிறார். இப்படம் 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் இராஜன் காவலில் மறைந்த நிகழ்ச்சியை நினைவூட்டுவது. அவர் தந்தை ஈச்சர வாரியர் 1977-இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார்; அதன் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகன் உடல் மட்டும் இறுதிவரை கிடைக்கவில்லை.

இலக்கணப்படி பார்த்தால் சாக்கியாரின் காத்திருப்பு இட்டவியோகமே. பிரிந்ததை மீண்டும் அடைய இடையறாது நினைத்தல் அது. ஆயினும் அவரிடம் சென்று, "எல்லாம் வினை, விட்டுவிடும்" என்று நான் கூறியிருந்தால் அது அறவுரையாகுமா? அடித்துக் கொன்றவன் கையைத் துடைத்துக்கொண்டு போவதற்கு நான் வழிவிட்டவனாவேன். மகனுடைய ஆயுள் வினை முடிந்தது என்பது ஒன்று. அதற்கு நிமித்தமாய் நின்றவன் புரிந்த கொலை மற்றொன்று. அவன் கட்டிக்கொண்ட வினை அவனுடையது. வாரியர் நீதிமன்றப் படியேறியதைப் பற்று என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

அங்ஙனமாயின் துயருற்றவரிடம் அறமே பேசலாகாதா? நம் புராணம் ஒரு வழியைக் காட்டுகிறது. சகர சக்கரவர்த்தியின் மைந்தர் அறுபதினாயிரவர் மாண்ட செய்தியை எவ்வாறு அறிவிப்பது என்று அமைச்சர் திகைத்து நிற்க, முற்பிறப்பு நண்பனாகிய மணிகேது என்னும் தேவன் முதிய அந்தணனாக வந்து, தன் மகனைக் கூற்றுவன் கவர்ந்தான், மீட்டுத் தரவேண்டும் என்று முறையிடுகிறான். இறப்பைத் தடுக்க எவராலும் இயலாது, துறவு கொள்வதே வழி என்கிறான் மன்னன். அச்சொல்லையே பற்றிக்கொண்டு, "உன் மைந்தரும் மாண்டனர்" என்கிறான் தேவன். அது இடிபோல் இறங்குகிறது. பின்னரே சகரன் தெளிந்து பகீரதனிடம் அரசை ஒப்புவித்துத் துறவு பூணுகிறான். மணிகேதுவின் மாயத்தால் வீழ்ந்திருந்த மைந்தரும் எழுந்து தந்தையின் வழியே செல்கின்றனர் என்கிறது உத்தர புராணம். இக்கதையைச் சிறு வயதுமுதல் கேட்டிருந்தும் ஒன்றை நான் கவனித்ததில்லை. தேவன் உரை நிகழ்த்த வரவில்லை. மகனை இழந்த தந்தையின் வடிவத்தில் வந்தான். பற்றின்மையைப் பற்றிய சொல் மன்னன் வாயிலிருந்தே வந்தது. நான் என் உறவினரிடம் சென்றபோது என் பிள்ளைகள் இருவரும் வீட்டில் நலமாக இருந்தனர்.

இறுதியாக ஒரு படம். பெல்ஜிய நாட்டுத் தார்தேன் சகோதரர்கள் 2002-இல் எடுத்தது. 'மகன்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயருடையது. ஒலிவியே என்னும் தச்சர், சிறையிலிருந்து மீண்ட சிறுவர்களுக்குத் தொழில் கற்பிக்கிறார். புதிதாக வரும் பதினாறு வயதுச் சிறுவன் பிரான்சிஸ், ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய சிறு மகனைக் கொன்றவன். அவர் அறிவார், அவன் அறியான். ஒலிவியே அவனைச் சேர்த்துக்கொண்டு மரத்தை அளக்கவும் சுமக்கவும் பழக்குகிறார். பிரிந்துபோன மனைவி, எவனும் செய்யாத இதை நீ ஏன் செய்கிறாய் என்று கதறுகிறாள். தமக்கே தெரியவில்லை என்பதுதான் அவர் விடை. குற்றத்திற்கு வருந்துகிறாயா என்று அவனைக் கேட்டால், ஐந்தாண்டு அடைபட்டுக் கிடந்தேனே, வருந்தாமலா என்கிறான். இறந்த குழந்தைக்காக அவன் வருந்தியதாகவே தோன்றவில்லை. மரக்கிடங்கில் உண்மையைச் சொன்னதும் அவன் ஓடுகிறான். துரத்திப் பிடித்த தந்தையின் கைகள் அவன் கழுத்தைச் சுற்றுகின்றன, பின்பு விலகுகின்றன. சற்றுப் பொழுதில் சிறுவன் தானே திரும்பி வருகிறான். இருவரும் பேசாமல் பலகைகளை வண்டியில் ஏற்றுகின்றனர். படம் முடிகிறது.

உத்தம க்ஷமை என்பதை நாம் ஆண்டுதோறும் தசலட்சணப் பருவத்தின் முதல் நாளில் ஓதுகிறோம். தீங்கு செய்ய வலிமையிருந்தும் செய்யாதிருத்தலே பொறை என்று பொருளும் கூறுகிறோம். கழுத்திலிருந்து விலகிய அக்கைகளைப் பார்த்தபோதுதான் அப்பொருள் எனக்கு விளங்கியது. ஒலிவியேயின் துயர் தீர்ந்துவிடவில்லை. முதுகுக்குத் தோற்கச்சை கட்டிய அம்மனிதர் அதைச் சுமந்துகொண்டேதான் பலகையும் சுமக்கிறார். துயர் இருக்கும்போதே பொறையும் இருக்க முடிகிறது. அழுகை நின்றபின்தான் அறம் தொடங்கும் என்று நான் எண்ணியிருந்தது பிழை.

அவ்வாண்டு க்ஷமாவாணி நாளில் என் உறவினர் இல்லம் சென்றேன். வழக்கமாகக் கைகூப்பிப் பொதுவாகக் கேட்கும் மன்னிப்பாக அன்றி, இன்ன நாளில் இன்ன சொல்லைச் சொன்னேன், பொறுத்தருள வேண்டும் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் வாளா இருந்தார். பிறகு எழுந்து உள்ளே சென்று, மகன் பள்ளி நாளில் வரைந்த படச் சுவடி ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு கதை சொன்னார். இடையிடையே அழுதார். பொழுது சாயப் போகிறது, உண்ண வாருங்கள் என்று அவர் மனைவியார் இருமுறை வந்து அழைத்தபோதும் அவர் பேசிக்கொண்டேயிருந்தார்.