மழை நாளில் ஏரிக்கரை

வானம் இருட்டியதும் பறவை பார்ப்பவர்கள் பலர் பைனாகுலரை உள்ளே வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாளில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். நீர்க்காகத்தின் இறகு ஓரம் தண்ணீரில் ஊறிவிடும். அந்தக் கனம்தான் அது முங்கி மீன் பிடிக்கத் துணை. மழை சற்று விட்டதும் கல்லில் ஏறி இறக்கையை விரித்து உலர்த்தும். புள்ளிமூக்கு வாத்துக்கு அந்தக் கவலையே இல்லை. வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் தொட்டு இறகெல்லாம் நீவி வைத்திருக்கும், மழைத்துளி உருண்டோடிவிடும்.

புயல் கரை கடந்த மறுநாள் இன்னும் விசேஷம். கடலை விட்டு அகலாத ஆலாக்கள்கூட ஏரியில் ஒதுங்கக்கூடும். களைத்திருக்கும், பாவம், படம் எடுக்க நெருங்கி விரட்டாதீர்கள். உபரிநீர் திறக்கும் நாளில் மதகுப் பக்கம் போகவே வேண்டாம்.