தந்தையின் நம்பிக்கை, குழந்தையின் உடல்

2018 ஏப்ரல் 18 அன்று லிவர்பூலைச் சேர்ந்த 21 வயது இளைஞர் ஒருவர் வத்திக்கானுக்குப் போய், போப் பிரான்சிஸைச் சந்தித்து மன்றாடினார். அவருடைய மகன் ஆல்ஃபி ஈவன்ஸுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் மூன்று வாரம் இருந்தது. இன்னதென்று கண்டறிய முடியாத நரம்பு நோய் ஒன்று குழந்தையின் மூளையைத் தின்றுகொண்டிருந்தது. 2016 டிசம்பரிலிருந்து ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையே அவனுக்கு வீடு. வென்டிலேட்டரை அகற்றலாம் என்று உயர் நீதிமன்றம் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. ரோமிலுள்ள குழந்தைகள் மருத்துவமனை அவனை ஏற்கத் தயாராக இருந்தது. இத்தாலி குடியுரிமையும் கொடுத்தது. ஆனாலும் பயணத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரல் 23 அன்று கருவி அகற்றப்பட்டது. அதன்பின் சில நாள் தானாகவே மூச்சு விட்ட குழந்தை, 28ஆம் தேதி அதிகாலையில் இறந்தது.

மருத்துவம் ஒருபுறம், மதம் மறுபுறம் என்றுதான் பலரும் இந்த வழக்கைப் பார்த்தார்கள். ஆனால் தீர்ப்பெழுதிய நீதிபதி ஹேடன், போப் பிரான்சிஸ் 2017 நவம்பரில் எழுதிய கடிதம் ஒன்றைத் தம் தீர்ப்பிலேயே எடுத்தாண்டிருந்தார். கிடைக்கும் பலனுக்குப் பொருந்தாத அளவுக்குச் சிகிச்சையை நீட்டிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய நிலைப்பாடு. போப் பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே மயக்கவியல் மருத்துவர்களிடம் இதைப் பேசியிருக்கிறார். நீதிபதி மேற்கோள் காட்டிய அதே போப்பிடம்தான் தந்தையும் போய் நின்றார். கேள்வி கடவுள் உண்டா இல்லையா என்பதல்ல. பேசத் தெரியாத ஒரு குழந்தையின் உடல்மீது தந்தையின் நம்பிக்கைக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு?

ஒரு முனையில் விடை எளிது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மருத்துவத்தை ஏற்காத ஒரு சிறு கிறிஸ்தவ சபை உண்டு. 2009இல் அந்தச் சபைக் குடும்பம் ஒன்றில், மாதம் நிறைவதற்கு வெகு முன்பே ஓர் ஆண் குழந்தை வீட்டில் பிறந்தது. மூச்சுத் திணறியபோது தந்தை ஆலிவ் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஆம்புலன்ஸை யாரும் அழைக்கவில்லை. சுமார் ஒன்பது மணி நேரத்தில் குழந்தை இறந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கும் என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 2011இல் பெற்றோர் இருவருக்கும் ஆறு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு, மத நம்பிக்கையைக் காரணம் காட்டித் தப்பிக்க இருந்த சட்ட வழியையும் அம்மாநிலம் அடைத்தது.

அந்தத் தந்தையைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. தனக்குத் தெரிந்த மிகப் பெரிய சக்தியிடம்தான் அவர் முறையிட்டார். ஆனால் தவறினால் உயிரைக் கொடுக்க வேண்டியவர் அவர் இல்லையே! தன் நம்பிக்கைக்காகத் தன்னையே பலியிட ஒருவருக்கு உரிமை உண்டு, பிள்ளையைப் பலியிட உரிமை இல்லை என்ற கருத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944இலேயே பதிவுசெய்திருக்கிறது. அந்த வழக்கு மருத்துவம் பற்றியதே அல்ல; தெருவில் மதப் பத்திரிகை விற்ற ஒன்பது வயதுச் சிறுமியைப் பற்றியது.

ஆல்ஃபியின் கதை அவ்வளவு எளிதில் பிடிபடாது. அங்கே தந்தை சிகிச்சையை மறுக்கவில்லை, இன்னும் வேண்டும் என்றார். குணப்படுத்த வழியில்லை என்பதை ரோம் மருத்துவர்களும் மறுக்கவில்லை. தொண்டையில் துளையிட்டுச் சுவாசத்தைத் தொடரலாம் என்பதே அவர்கள் சொன்னது. குழந்தைக்கு வலி தெரிவதற்கு வாய்ப்புக் குறைவு, அதை முற்றிலும் மறுக்கவும் முடியாது என்றது மருத்துவத் தரப்பு. இங்கேதான் தந்தையின் வாதம் வலுப்பெறுகிறது. வலியே இல்லையென்றால், இன்னும் சில மாதம் வைத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? எதையும் உணராத நிலையில் ஓர் உடலைக் கருவியோடு பிணைத்து வைப்பது அதன் மாண்புக்கு ஏற்றதல்ல என்பது நீதிமன்றத்தின் பதில். இதில் நியாயம் உண்டு. ஆனால் மாண்பு ஸ்கேனில் தெரிகிற பொருள் அல்ல. அதுவும் ஒருவகை நம்பிக்கைதான். வெள்ளைக் கோட்டும் கறுப்பு அங்கியும் அணிந்தவர்களின் நம்பிக்கை.

மருத்துவர்களின் கணிப்பிலும் இப்படி மதிப்பீடுகள் ஒளிந்திருக்கும் என்பதற்கு ஜப்பானிய எழுத்தாளர் கென்சாபுரோ ஓயேயின் வாழ்க்கை சாட்சி. 1963இல் பிறந்த அவருடைய மகன் ஹிகாரியின் மண்டையோட்டிலிருந்து மூளைத் திசு பிதுங்கியிருந்தது. அறுவை செய்யாவிட்டால் சாவு, செய்தால் வாழ்நாள் முழுக்க ஊனம் என்றார்கள். 28 வயது ஓயே நிலைகுலைந்து, கட்டுரை எழுதும் வேலையாக ஹிரோஷிமாவுக்குப் போனார். அங்கே, தாமும் குண்டுவீச்சுக்கு ஆளாகி, மருந்து இன்னதென்றே தெரியாமல் நோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டர் ஷிகெதோவைச் சந்தித்தார். திரும்பி வந்து அறுவைக்குச் சம்மதித்தார். ஓயேக்கு மதம் கிடையாது; நம்பிக்கை இல்லாதவனின் பிரார்த்தனை என்று பின்னாளில் ஓர் உரைக்குத் தலைப்பு வைத்தார். பல வயது வரை பேசாதிருந்த மகன் இசையமைப்பாளரானான். அப்படி ஆகியிருக்காவிட்டாலும் தந்தையின் முடிவு சரிதான். அது எதிர்காலத் திறமையை நம்பி எடுத்த முடிவல்ல.

நம்பிக்கை தோற்றுப்போகிற இடத்தையும் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸில் யூத மதகுருவாக இருந்த ஹெரால்ட் குஷ்னரின் மகனுக்கு, குழந்தைப் பருவத்திலேயே முதுமை வந்துசேரும் புரோஜீரியா நோய் இருப்பது மூன்று வயதில் தெரிந்தது. பதினான்கு வயதில், 1977இல், அவன் இறந்தான். கடவுளின் சித்தம் என்று பிறருக்கு ஆறுதல் சொல்லிப் பழகிய குருவால் அதைத் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. கடவுள் நல்லவர், ஆனால் எல்லாம் வல்லவர் அல்லர் என்ற முடிவோடு 1981இல் நூல் எழுதினார். மற்ற மதகுருக்கள் பலர் அதை ஏற்கவில்லை. மகன் படும் துன்பத்துக்கு நியாயம் கற்பிப்பதைவிட, தம் இறையியலைத் திருத்திக்கொள்வதே மேல் என்று அவர் தீர்மானித்தார்.

இந்த நால்வரையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு பிறக்கிறது. பலன் தரும் சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதைத் தடுக்கத் தந்தையின் நம்பிக்கைக்கு உரிமை இல்லை. எந்தச் சிகிச்சையும் உதவாது என்றாகிவிட்டால், அவகாசமும் சடங்கும் மடியில் கிடத்திக்கொள்ளும் நேரமும் கேட்க அதற்கு முழு உரிமை உண்டு. குழந்தைக்கு வலி கூடாதவரை. இரண்டுக்கும் நடுவே, பிழைத்தாலும் எப்படிப்பட்ட வாழ்வு என்று தெரியாத இடத்தில், அந்தப் பிள்ளையை நாளைக்குச் சுமக்கப்போகிறவரின் சொல்லுக்கு எடை கூட வேண்டும். அதற்கு மருத்துவமனை ஸ்கேன் முடிவுகளைப் புரியும்படி சொல்லியாக வேண்டும். தந்தை கேட்டாக வேண்டும். தேவைப்பட்டால் அவர் நம்பும் குருவையும் அதே மேசையில் உட்கார வைக்கலாம். குழந்தையைச் சேர்த்த முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டிய இந்தப் பேச்சு, பல வழக்குகளில் வழக்கறிஞர்கள் வந்த பிறகே தொடங்குகிறது.